லிஸ்பனில் ஏறிய பெயர்

என் சர்வீஸில் எத்தனையோ விதமான கேஸ் பார்த்திருக்கிறேன். ஒரே ஃபேமிலி பென்ஷனுக்கு இரண்டு மனைவிகள் வந்து நின்ற கேஸ், காணாமல் போனவர் என்று எழுதி மூடிய ஆள் தாடியோடு திரும்பி வந்து டூட்டி கேட்ட கேஸ், எல்லாம் உண்டு. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் எங்களோடு வேலை பார்த்த ஒரு மனிதர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டு ஃபைல் திறந்தது ஒரே ஒரு முறைதான். அந்த ஃபைலைப் பார்த்தவன் நான். ஊழியர்களின் ரெக்கார்டுகளைப் பார்க்கும் எங்கள் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள் பழைய கேஸ்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சிரிப்பு வருகிற ஒன்றை எழுதியிருக்கலாம். மனசு கேட்கவில்லை, இதையே எழுதுகிறேன்.

இடம் புனேயில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை. அதன் பெயரும், அது ஊரில் எந்தப் பக்கம் என்பதும் வேண்டாம். வெளியில் சொல்லாமலே பழகிய வாய் ரிட்டையர் ஆன பிறகும் திறக்க மாட்டேன் என்கிறது.

பாட்டீல் சாஹேபின் கேள்வி

அன்று காலை டீ வருவதற்கு முன்பே பாட்டீல் சாஹேப் கூப்பிட்டார். அவர் எங்கள் நிர்வாக அதிகாரி, கோல்ஹாபூர்க்காரர். கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கெட்ட மனிதர் என்று பெரிதாக யாரும் வரமாட்டார். வந்திருந்தால் திட்டித் தீர்க்கவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

மேஜையில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. டூல்ரூமில் மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேனாக இருந்த கயத்தான் பாஸ்போர்ட் எடுக்க என்.ஓ.சி. கேட்டிருந்தார். எங்களைப் போன்ற ஊழியர்கள் பாஸ்போர்ட் எடுப்பதென்றால் ஆபீஸ் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். இங்கிலாந்தில் இருக்கும் மகளுக்குப் பிரசவம், போய்ப் பார்க்க வேண்டும் என்பது காரணம். இதில் என்ன தகராறு என்று நான் யோசிப்பதற்குள் பாட்டீல் சாஹேப் ஒரு இடத்தில் விரலை வைத்தார். மனைவி ஸ்டெல்லா, இந்தியர். மகள் ரோஷல், போர்ச்சுகீசியர். கயத்தான் தன் கோணல் கையெழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்.

அப்பா இந்தியன், அம்மா இந்தியன், பெண் பிறந்தது புனேயில், அவள் எப்படிப் போர்ச்சுகீசியர் ஆனாள் என்று பாட்டீல் சாஹேப் இந்தியில் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். கயத்தான் எனக்கு ஆபீஸ் பழக்கம் மட்டும் இல்லை. ஸ்டெல்லாவின் அப்பாவும் என் அப்பாவும் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரே காலத்தில் புனேக்குப் பிழைக்க வந்தவர்கள். கட்கியில், எங்கள் பழைய ஆட்கள் வாயில் கிர்க்கியில், ஒரே சந்தில் குடியிருந்தோம். கயத்தான் கோவாவில் பிறந்தவர், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இங்கே வந்தவர். சர்ச்சில் ஸ்டெல்லாவைப் பார்த்து, இரண்டு வீட்டிலும் ஒரு வருஷம் சண்டை நடந்து, அப்புறம் கல்யாணம் நடந்தது. மாமியார் வீட்டில் கற்ற தமிழ் என்பதால் எங்கள் 'இன்னா' எல்லாம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. ஸ்டெல்லா என்னை அண்ணா என்பாள், ஆகவே அவருக்கு நான் மச்சான். கேட்டுக்குள் மட்டும் சார்.

பாட்டீல் சாஹேப் சர்வீஸ் புக்கில் பிறந்த ஊர் கோவா என்று இருப்பதைப் பார்த்துவிட்டு அவரை வரவழைத்தார். உன் பெயர் லிஸ்பனில் பதிவாகியிருக்கிறதா என்று நேராகவே கேட்டார். கயத்தான் ஆமாம் என்றார். சாஹேப் அந்த விண்ணப்பத்தை மடித்து அவர் பக்கமாகத் தள்ளி, இன்று உனக்கு உடம்பு சரியில்லை போல, வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக யோசித்துவிட்டு வா என்றார். அதிகாரிகள் இதற்கு மேல் பச்சையாகப் பேசமாட்டார்கள். விண்ணப்பம் வராவிட்டால் கேள்வியும் வராது.

கயத்தானுக்குப் புரியாமல் இல்லை. கேட்டுக்குள் இருப்பதையும் மறந்து, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"பொண்ணு போர்ச்சுகீஸ்தானே மச்சான். வேற இன்னா எழுதறது? நா எடுத்துக்குனு போயிட்டா திருட்டுத்தனம் பண்ணமாரி ஆயிடும்."

விண்ணப்பத்தைத் திருப்பிச் சாஹேபின் பக்கமே நகர்த்தி வைத்தார். பாட்டீல் சாஹேபுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடந்தது புரிந்துவிட்டது.

கோவாவை விட்டவர்கள் விடாதது

கோவா கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வெள்ளைக்காரன் தில்லியை விட்டுப் போன பிறகும் போர்ச்சுகல்காரன் கோவாவை விட்டுப் போகவில்லை. பதினாலு வருஷம் பேசிப் பார்த்துவிட்டு அறுபத்தொன்றில் இந்தியா ராணுவத்தை அனுப்பி எடுத்துக்கொண்டது. கயத்தான் அப்போது நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை.

லிஸ்பனில் இருந்தவர்கள் ரொம்ப நாள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கோவா இன்னும் எங்களுடையது என்றே சாதித்தார்கள். பிறகு அவர்கள் ஊரில் ஆட்சி கவிழ்ந்தது. ஆப்பிரிக்காவில் பிடித்து வைத்திருந்த நாடுகளை எல்லாம் விட்டார்கள், கோவா இந்தியாவுடையது என்றும் கையெழுத்துப் போட்டார்கள். ஊரை விட்டார்களே தவிர ஆட்களை விடவில்லை. எங்கள் கொடி பறந்த காலத்தில் அங்கே பிறந்தவர்கள் எல்லோரும் விரும்பினால் இன்னும் எங்கள் குடிமக்கள்தான், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்கூட அப்படித்தான் என்று சட்டத்தில் வைத்துக்கொண்டார்கள். குற்ற உணர்ச்சியா, பாசமா, பழைய பெருமையா, எனக்குத் தெரியாது. பெரிய மனசு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் அதை யாரும் சீந்தவில்லை. போர்ச்சுகலே ஏழை நாடு, அதன் பாஸ்போர்ட்டை வைத்து என்ன செய்வது? அது ஐரோப்பியக் கூட்டத்தில் சேர்ந்து, அந்த நாடுகளுக்கிடையே கதவு திறந்த பிறகுதான் மவுசு வந்தது. போர்ச்சுகல் பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமல் இங்கிலாந்துக்குப் போய் வேலை பார்க்கலாம். கோவாவில் மட்காவிலும் மாப்புசாவிலும், இங்கே புனே கேம்ப்பிலும் ஏஜென்ட்டுகள் முளைத்தார்கள். பிள்ளைகளை அனுப்பாத கோவாக்காரர் வீடு அபூர்வம் என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு வரிசை முறை உண்டு. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வேண்டுமென்றால் முதலில் பெற்றவருடைய பிறப்பை லிஸ்பன் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அப்பன் பெயர் ஏறாமல் பிள்ளை பெயர் ஏறாது. ரோஷல் நர்சிங் முடித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரியில் மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலத்தில் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தான். சும்மா பெயர் ஏற்றுவதுதான், ஞானஸ்நானப் பதிவு மாதிரி, நீங்கள் பாஸ்போர்ட் வாங்காத வரைக்கும் நீங்கள் இந்தியர்தான் என்றான். கோவாக்கார அப்பன்மார் எல்லோரும் அதைத்தான் நம்பினார்கள். பிள்ளைக்காக ஸ்கூல் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவது போல இதிலும் போட்டார்கள். கயத்தானும் போட்டார். பெயர் ஏறியது, மகளுக்குப் பாஸ்போர்ட் வந்தது, அவள் போய்ச் சேர்ந்தாள். இவர் அடுத்த நாள் வழக்கம் போல டூல்ரூமுக்கு வந்தார். லிஸ்பனை அவர் படத்தில்கூடப் பார்த்தவர் இல்லை.

பிறகு இங்கிலாந்து அந்தக் கூட்டமே வேண்டாம் என்று விலகிக்கொண்டது. முன்னாலேயே போனவர்கள் இருக்கலாம், இனிமேல் வருபவர்கள் வரக்கூடாது என்று கதவை மூடியது. ரோஷல் தப்பித்தாள். ஏஜென்ட் கடையைப் பூட்டிவிட்டு ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விட்டான்.

கேட் பாஸ்

பாட்டீல் சாஹேப் நோட்ஷீட்டில் எவ்வளவு மிருதுவாக எழுத முடியுமோ அவ்வளவு மிருதுவாக எழுதினார். நானும் என் பங்குக்குக் கயத்தானுடைய சர்வீஸ் ரெக்கார்டில் ஒரு கறைகூட இல்லை என்று மூன்று இடத்தில் சேர்த்தேன். மேலிடத்துக்குப் போன ஃபைல் மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தது. லிஸ்பனில் பெயர் ஏறிய தேதியிலேயே அவர் அந்நிய நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பி ஏற்றவர் ஆகிறார், இந்தியச் சட்டம் இரண்டு குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை, ஆகவே அவர் இந்தியர் இல்லை என்று கருத வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். விசாரணை முடியும் வரை வேலையிலிருந்து விலக்கி வைக்கும்படி உத்தரவு.

வெளிநாட்டவர் எங்கள் தொழிற்சாலைக்குள் வர வேண்டுமானால் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த விதி, கேட்டிலேயே போர்டு இருக்கிறது. அந்தப் போர்டைத் தாண்டித்தான் கயத்தான் தினமும் உள்ளே வருவார். மறுநாள் காலை செக்யூரிட்டிக்காரன் அவரிடம் பாஸைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தப் பையனை வேலைக்கு எடுத்த நாளில் அவனுக்குக் கேன்டீனில் வடா பாவ் வாங்கிக் கொடுத்தவர் இவர். அவன் பாஸை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது, அன்றுதான் தெரிந்தது. எங்கள் ஊழியர் யாராவது வெளிநாட்டவரோடு பழகினால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்கே சந்தித்தோம், என்ன பேசினோம், யார் உடன் இருந்தார் என்று எல்லாம் சொல்ல வேண்டும். பாகிஸ்தான்காரனையும் சீனாக்காரனையும் நினைத்துப் போட்ட விதி. கிர்க்கி சந்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஸ்டெல்லாவின் புருஷனுக்கு அது பொருந்தும் என்று அதைப் போட்டவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பொருந்தியது. வரி வரியாகப் பொருந்தியது.

முதல் வாரம் டூல்ரூம் ஆட்கள் கூட்டமாக அவர் வீட்டுக்குப் போனார்கள். எல்லோரையும் எழுதிக் கொடுக்கச் சொன்னது செக்யூரிட்டி. எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவனுக்குப் புரமோஷன் வெரிஃபிகேஷன் தள்ளிப்போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஆனால் அந்த வீட்டுக்குப் போவது நின்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகை போஸ்டில் வந்தது. சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பெஞ்சு தள்ளிப் போனார்கள்.

நான் போனேன். போய்விட்டு வந்து எழுதியும் கொடுத்தேன். போர்ச்சுகீசியக் குடிமகனைச் சந்தித்தேன், இடம் அவர் வீடு, உடன் அவர் மனைவி, மீன் குழம்பு சாப்பிட்டேன், அலுவலக விஷயம் பேசவில்லை. செக்யூரிட்டி ஆபீசர் இதைப் படித்துவிட்டு, மீன் குழம்பு எல்லாம் எழுத வேண்டியதில்லை என்றார். விதியில் அப்படி ஒரு விலக்கு இருந்தால் காட்டுங்கள் என்றேன். எனக்கும் ஆத்திரம் தீர ஒரு வழி வேண்டுமே.

எப்போது வந்தீர்கள்

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குக் கயத்தான் போக வேண்டியிருந்தது. நானும் ஸ்டெல்லாவும் கூடப் போனோம். அங்கே ஆப்பிரிக்கா மாணவர்கள், ஈரான் மாணவர்கள், ஒரு ஜப்பான் குடும்பம், நடுவில் இவர், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு. கம்ப்யூட்டர் முன் இருந்த போலீஸ்காரப் பெண் மராத்தியில் இயல்பாகப் பேசினாள். இவரும் மராத்தியில் பதில் சொல்வதைக் கேட்டு, நன்றாகக் கற்றுக்கொண்டீர்களே என்று பாராட்டினாள்.

இந்தியாவுக்கு எப்போது வந்தீர்கள், எந்தத் துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக வந்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. கயத்தான் யோசித்தார். நான் எங்கிருந்தும் வரவில்லை தாயி, நான் குழந்தையாக இருந்தபோது இந்தியாதான் எங்கள் ஊருக்கு வந்தது என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் முதலில் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவள் போல இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். அந்த இடத்தை நிரப்பாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. ரொம்ப நேரம் ஆலோசித்துவிட்டு, லிஸ்பனில் பெயர் ஏறிய தேதியையே இந்தியாவுக்கு வந்த தேதி என்று போட்டார்கள். அந்தத் தேதியில் அவர் டூல்ரூமில் செகண்ட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டெண்டன்ஸ் என் செக்‌ஷனில்தான் இருந்தது.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா ஆட்டோவில் ஏறாமல் நின்றாள்.

"அந்தப் பேர அங்கேர்ந்து எடுத்துடலாம் இல்லண்ணா? ஏத்துனவங்களுக்கு எடுக்கத் தெரியாதா?"

அதுதான் சரியான யோசனை என்று எனக்கும் பட்டது. போர்ச்சுகல் குடியுரிமை எனக்கு வேண்டாம் என்று கயத்தான் எழுதிக் கொடுத்தார். தூதரகம் வழியாகப் போனது, மரியாதையாகவே பதில் வந்தது. குடியுரிமையை விட்டுவிட எங்கள் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் வேறொரு நாட்டின் குடிமகனாக இருப்பவர் மட்டுமே விட முடியும், எங்கள் குடிமகன் எவரையும் நாடில்லாதவராக்க எங்கள் சட்டம் இடம் தராது, நீங்கள் இந்தியக் குடிமகன் என்பதற்கு இந்திய அரசின் சான்றை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இங்கே ஒவ்வொரு ஆபீசாக ஏறினோம். போன இடத்தில் எல்லாம் உட்கார வைத்துப் பேசினார்கள். நீங்கள் போர்ச்சுகல் குடியுரிமையை விட்டுவிட்டதற்கு அவர்கள் சான்று கொடுத்தால் உங்களை இந்தியராக எடுத்துக்கொள்வதைப் பரிசீலிக்கலாம், அதற்கு முன்னால் இந்தியர் என்று எப்படிச் சான்று கொடுப்பது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பு இல்லை. லிஸ்பன்காரர்கள் சொன்னதிலும் தப்பு இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் தட்டிக் கொடுக்கிறேன் என்றே இடித்தார்கள்.

இரண்டு நாடுகளும் அந்த வருஷங்களில் நல்ல சினேகம். அவர்கள் ஊர்ப் பெரியவர் தில்லிக்கு வந்தார், நம்மவர்கள் அங்கே போனார்கள், டி.வி.யில் கைகுலுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டெல்லா எனக்குப் போன் செய்வாள். இவங்க பேசறப்போ நம்ம விஷயமும் பேசுவாங்களா அண்ணா என்று கேட்பாள். பேசலாம் என்று சொல்லிவைப்பேன். பேசமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு டூல்ரூம் ஆளுக்காக எந்த நாடும் தன் சட்டத்தில் ஒரு வரியை நகர்த்தாது. சண்டைக்கார நாடுகளாக இருந்தால்கூட யாராவது ஒருவர் இவரைத் தன் ஆள் என்று பிடித்து இழுத்திருப்பார்கள்.

இதற்கிடையில் ரோஷலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கயத்தானிடம் இந்தப் பாஸ்போர்ட்டும் இல்லை, அந்தப் பாஸ்போர்ட்டும் இல்லை. போனில் காட்டினார்கள், பார்த்தார்.

ரிட்டையர்மென்ட் நாள்

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ரிட்டையர் ஆகிறவரை அவருடைய பிரிவு ஆட்கள் மாலை போட்டு, குலால் என்கிற வண்ணப்பொடி பூசி, ஜீப்பில் ஏற்றி, டோல் தாஷா மேளம் அடித்துக்கொண்டு கேட் வரைக்கும் கொண்டு வருவார்கள். கேட்டில் குடும்பம் காத்திருக்கும். சாதாரண லேபரராக இருந்தாலும் அன்றைக்கு அவன்தான் மாப்பிள்ளை. வேலையில் எத்தனை அவமானம் பட்டவனும் அந்த ஒரு மாலைக்காகப் பொறுத்துக்கொண்டு இருப்பான்.

கயத்தானின் தேதியும் வந்தது. விசாரணை முடியாததால் ரிட்டையர்மென்ட் ஆர்டர் கிடையாது. பென்ஷன் என்ன ஆனது என்று கேட்பீர்கள், அது வேறு ஃபைல், அதை நான் இங்கே இழுக்கவில்லை. டூல்ரூம் பையன்கள் என்னிடம் வந்தார்கள். உள்ளேதான் விடமாட்டார்கள், நாங்கள் லஞ்ச் சைரனுக்கு வெளியே ரோட்டுக்குப் போய் மாலை போடலாமா என்று கேட்டார்கள். தாராளமாகப் போடலாம் என்றேன். எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று ஒருவன் கேட்டான். விதி அப்படித்தான் இருக்கிறது என்றேன். எத்தனை பேர் போனால் அத்தனை பேருமா என்று இன்னொருவன் கேட்டான். ஆமாம் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லஞ்ச் சைரன் அடித்தபோது கேட்டுக்கு எதிரே சாயாக்கடை ஓரத்தில் கயத்தான் நின்றிருந்தார். ஸ்டெல்லா சர்ச்சுக்குக் கட்டுகிற பட்டுப் புடவையில் பக்கத்தில். யாரும் வரவில்லை. வரலாம் என்றுதான் இருந்தார்கள், கடைசியில் கேட்டுக்கு உள்ளே பத்தடி தூரத்தில் கூட்டமாக நின்றுவிட்டார்கள். அங்கிருந்தே இரண்டு பேர் கையை ஆட்டினார்கள். அவரும் ஆட்டினார். பிறகு சைரன் அடித்தது, எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் போகவில்லை. ஷிஃப்ட் விடும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

சாயங்காலம் நான் ஒரு மாலை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் அவர் கழுத்தில் போட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"உள்ள போவணும்னு ஆசை இல்ல மச்சான். இங்க நின்னா யாராவது வந்து ஒரு பேச்சுப் பேசுவாங்கன்னு பாத்தேன்" என்றார்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். போர்ச்சுகீசியக் குடிமகனைப் பொது ரோட்டில் சந்தித்தேன், மாலை அணிவித்தேன். பாட்டீல் சாஹேப் அதை வாங்கிப் படித்துவிட்டு டிராயரில் போட்டுக்கொண்டார். மேலே அனுப்பவில்லை.

ஃபைல் மூடியது

கடைசியில் பதிவு அலுவலகமே ஒரு வழி சொன்னது. வெளிநாட்டவர் விசா இல்லாமல் இங்கே இருக்க முடியாது. விசா ஒட்ட ஒரு பாஸ்போர்ட் வேண்டும். ஆகவே போர்ச்சுகல் பாஸ்போர்ட்டை எடுங்கள், எக்ஸிட் பர்மிட் தருகிறோம், நாட்டை விட்டு வெளியே போய், அங்கிருந்து முறைப்படி ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தருகிற அட்டை அது, கிடைத்தால் ஆயுள் முழுக்க இங்கேயே இருக்கலாம். எதை எடுக்காததால் தான் இந்தியன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தாரோ, அதையே எடுத்தால்தான் இந்தியாவில் இருக்கலாம் என்று ஆனது.

எடுத்தார். ஸ்டெல்லாவை உடன் அழைத்துப் போக வேண்டுமென்றால் அவர்கள் கல்யாணத்தை லிஸ்பனில் பதிய வேண்டும். நான் அந்த வழியை விசாரித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அதனால் அவள் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன்.

"ஏஜென்டும் அப்படித்தான் சொன்னான்" என்றாள் ஸ்டெல்லா. "என் பேர அந்த ஊர்ல எங்கியும் ஏத்தாதீங்க. நா இங்கியே இருக்கேன். இவரு திரும்பி வர்றதுக்கு ஒரு வூடாவது இந்தியாவுல இருக்கணும் இல்ல."

மும்பை விமான நிலையத்துக்கு நானும் ஸ்டெல்லாவும் கூடப் போனோம். கயத்தான் உள்ளே போன பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரொம்ப நேரம் நின்றோம். இமிக்ரேஷனில் இவர் இந்தியாவுக்குள் வந்த முத்திரை எங்கே என்று கேட்டு உட்கார வைத்துவிட்டு, பிறகு விட்டார்களாம். லிஸ்பனில் கோவாப் பையன்கள் எட்டுப் பேர் இருக்கும் ஒரு வீட்டில் கட்டில் கிடைத்தது. மொழி தெரியாது. அங்கே தெருவில் போலீஸ்காரன் பேரைக் கேட்டால் மரியாதையாகப் பேசுகிறானாம், அவர்கள் ஊர்ப் பேர் என்பதால். மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வருகையாளர் என்பதால் அங்கேயும் தங்க முடியாது.

அவர் போன அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. சம்பந்தப்பட்டவர் நாட்டை விட்டு வெளியேறிவிட்டதால் விசாரணையைத் தொடர அவசியமில்லை, மேல் நடவடிக்கை தேவையில்லை, ஃபைலை மூடலாம். அவர் தப்புச் செய்தாரா இல்லையா என்று ஒரு சொல் இல்லை. நான் அப்படி மூட வேண்டாம், ஒரு முடிவு எழுதுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதிலில் முந்தைய கடிதத்தைப் பார்க்கவும் என்று இருந்தது. அதற்குள் என்னுடைய ரிட்டையர்மென்ட் வந்துவிட்டது. எனக்கு ஜீப், டோல் தாஷா, குலால் எல்லாம் நடந்தது. வேண்டாம் என்றேன், பையன்கள் கேட்கவில்லை.

லிஸ்பனிலிருந்து கயத்தான் போட்ட ஓ.சி.ஐ. விண்ணப்பத்தின் மேல் எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு கேள்வி வந்ததாம். இவர் மேல் நிலுவையில் இருந்த விசாரணையின் முடிவு என்ன என்பது கேள்வி. என் இடத்தில் வந்த பையன் நல்லவன், இதை எழுதச் சொன்னவர்களில் அவனும் ஒருவன். இருப்பதைத்தானே அவன் எழுத முடியும்? விசாரணை முடிவு எதுவும் பதிவாகவில்லை, ஃபைல் மூடப்பட்டது என்று பதில் எழுதினான். முடிவு இல்லாத விசாரணை நிலுவையில் இருப்பதாகவே கருதப்படும் என்று சொல்லி விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்றுவரை அப்படியே நிற்கிறது.

இதிலிருந்து கற்ற பாடம் என்ன என்று முடிக்க வேண்டுமாம். ஃபைலை மூடும் முன்னால் அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள், எதுவாக இருந்தாலும் ஒரு முடிவை எழுதிவிட்டு மூடுங்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எழுதிக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாடு நானூறு வருஷம் ஒரு ஊரை வைத்திருந்துவிட்டுப் போனால் அதன் கணக்கு அரசாங்கங்களுக்குள் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தீராமல் மிஞ்சுவது ஏதோ ஒரு வீட்டில் வந்து விழுகிறது. அது எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் அதற்கென்று ஒரு செக்‌ஷன் கிடையாது.

போன வாரம் ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது நான் யாரைச் சந்தித்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, கயத்தானோடு போனில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அவள் அதற்காக வரவில்லை. உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"இவரு அங்கியே செத்துட்டா, பொணத்துக்கும் விசா எடுக்கணுமா அண்ணா?"

எடுக்க வேண்டும், ஏதோ ஒரு அனுமதி. எது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன்.